உப்புக் கல்லுக்குப் பிள்ளை பிறக்குமா?

"கல்லும் தூசியும் உலோகமும் உயிரோடு நடமாடும் வேற்றுக்கிரக நாவல்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். அப்படி ஓர் உயிர் நிஜத்தில் இருக்க முடியுமா, இல்லை எல்லாம் எழுத்தாளர்கள் திரிக்கும் கயிறுதானா?" என்று சாயல்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வாலிநோக்கம் உப்பளங்கள் அவருக்குப் பக்கம்தான். பதிலில் பாதி அங்கே பாத்தியில் கிடக்கிறது.

முதலில் நாவல்கள். 1957இல் வெளியான 'தி பிளாக் கிளவுட்' நாவலில், சூரியனை மறைக்க வரும் விண்வெளித் தூசுமேகமே ஒரு பேரறிவு. அதை எழுதிய ஃப்ரெட் ஹாயில் வானியலாளர் என்பதால் கற்பனைக்கும் கணக்குக் காட்டுகிறார். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1964இல் எழுதிய 'தி இன்வின்சிபிள்' நாவலில் எதிரி, ஈ அளவு உலோகத் துணுக்குகளின் கூட்டம். எப்போதோ யாரோ விட்டுப்போன இயந்திரங்கள் தமக்குள் மோதி அழிய, எளிமையானவையும் சிறியவையுமே பிழைத்து இந்தக் கூட்டமானதாக அங்கே ஊகிக்கிறார்கள். எனக்கு லெம்தான் ஒரு படி மேல். அவருடைய உலோகத்துக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அந்தப் பரம்பரைதான் நம் விஷயம்.

நம் உயிர்களுக்கு அடிப்படையான கரிமத்துக்குப் பதில் சிலிக்கன் என்ற பழைய யோசனையைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். சிலிக்கனும் நான்கு பிணைப்புகள் போடும், உண்மைதான். ஆனால் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கரிமம் வாயுவாகிறது, சிலிக்கன் குவார்ட்ஸ் மணலாகிறது. மூச்சு விடும்போதெல்லாம் மணலைக் கொட்டும் பிராணிக்குப் பிழைப்பு கடினம்.

உப்புக்கு வருவோம். கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றி, அளத்துக்காரர்கள் சொல்லும் 25 டிகிரியை (இது வெப்பமல்ல, உப்புநீரின் அடர்த்தி அளவு) நெருங்கும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. காற்றில்லாத மதியத்தில் பாத்தியருகே குந்தி உட்கார்ந்து பாருங்கள். நீரின் மேற்பரப்பில் சிறு சதுரத் தகடுகள் மிதக்கும். வளர வளரத் தகடு கனத்துச் சற்றே அமிழும். மேல்விளிம்பில் மட்டும் புது உப்பு படியும். மறுபடி அமிழும், மறுபடி படியும். கடைசியில் உள்ளே குழிந்த, தலைகீழான ஒரு கூம்பு, படிக்கட்டுச் சுவர்களோடு உருவாகி அடியில் இறங்கும். உருவம் உண்டு, வளர்ச்சி உண்டு, உடைத்துப் போட்டால் துண்டுகளும் தனித்தனியே வளரும். இதை ஏன் உயிர் என்று சொல்வதில்லை?

அதற்கு முன் ஒரு புதிர். ஒரு மில்லிமீட்டர் உப்புக் கல்லில் ஒரு முகத்திலிருந்து எதிர்முகம் வரை ஏறத்தாழ 35 லட்சம் அயனி (மின்னூட்டம் பெற்ற அணு) அடுக்குகள். ஓர் அடுக்கு நிறைந்து முகம் வழவழப்பானதும், புதிதாக வந்து ஒட்டும் அயனிக்கு அடிப்பக்கம் மட்டுமே பிடிப்பு. கழன்று மீண்டும் நீருக்குப் போய்விடும். பல துகள்கள் ஒரே இடத்தில் கூடினால்தான் அடுத்த அடுக்கு தொடங்கும். கணக்குப்படி அதற்குக் கரைசல் தன் செறிவு எல்லையை, அதாவது சாதாரணமாகக் கரைத்து வைத்திருக்கக்கூடிய அளவை, 25 முதல் 50 சதவீதம் வரை தாண்ட வேண்டும். நிஜத்திலோ 1 சதவீதம் தாண்டினாலே பல படிகங்கள் வளர்கின்றன.

முடிச்சை 1949இல் அவிழ்த்தவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபிராங்க். படிகம் பழுதில்லாதது என்று யார் சொன்னது? உள்ளே ஓரிடத்தில் அடுக்கு ஒன்று சற்றே விலகி ஏறியிருந்தால், தனித்தனித் தளங்களே அங்கே இல்லை; கலங்கரை விளக்கத்தின் சுழல்படிபோல ஒரே தளம் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. படியின் மூலையில் ஒண்டும் துகளுக்கு அடியிலும் பக்கத்திலும் பிடிப்பு. படி நகர்கிறது, சுழல்கிறது, ஒருநாளும் தீர்வதில்லை. புது அடுக்கைத் தொடங்கும் தொல்லையே கிடையாது. மறு ஆண்டே பெரில் கனிமத்தின் முகத்தில் அந்தச் சுருள்களை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். பழுது இருப்பதால்தான் படிகம் வளர்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

உயிருக்கு வளர்ச்சி போதாது. தன்னைப் பிரதி எடுக்க வேண்டும், பிரதியில் பிழை நேர வேண்டும், அந்தப் பிழையும் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். சுத்தமான உப்புக் கற்களிடம் சொத்தாகக் கொடுக்க ஏதுமில்லை, எல்லாம் ஒரே அச்சு. ஆனால் பழுதுகள் கல்லுக்குக் கல் வேறுபடும். 1966இல் கிளாஸ்கோ வேதியியலாளர் கிரகாம் கெய்ர்ன்ஸ்-ஸ்மித் இதைப் பிடித்துக்கொண்டார். பூமியின் முதல் மரபணு களிமண் படிகத்தின் ஒழுங்கின்மையாக இருக்கலாம். அடுக்கு அடுக்காகப் பிரதியாகி, உடைந்து, பரவி, பின்னால்தான் கரிம மூலக்கூறுகள் பொறுப்பேற்றிருக்கலாம் என்றார். பழுது தாய்ப் படிகத்திலிருந்து பிள்ளைக்குப் போகிறதா என்று 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேறொரு படிகத்தை வைத்துச் சோதித்தார்கள். வளரும்போதே புதுப் பழுதுகள் ஏகமாய் முளைத்துத் தாயின் அடையாளத்தைக் குழப்பிவிட்டன. பிழை வேண்டும்தான், இவ்வளவு கூடாது.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டுக் கும்பிடும் பவளக் கல்லும் நினைவுக்கு வருகிறது. அது உயிருள்ள கல் அல்ல, கடல் பிராணிகள் கட்டிய கல். துளைகளில் அடைபட்ட காற்று அதை மிதக்க வைக்கிறது. கல்லுக்கு இருந்த பக்தியில் கொஞ்சம் அதைக் கட்டிய பிராணிக்கும் இருந்திருந்தால், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக அத்தனை பவளத்தை வெட்டியிருக்க மாட்டோம்.

ஆகவே வாசகிக்கு என் பதில்: முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் நாவல்களில் வரும் மாசுமருவற்ற, ஜொலிக்கும் படிக மனிதர்களை நம்பாதீர்கள். தழும்பேறிய, கோணல்மாணலான படிகம் வந்தால் கவனியுங்கள். தமிழ்நாட்டில் படிக வளர்ப்பு ஆய்வுக்குப் பஞ்சமில்லை, அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. லேசர் பயன்பாடுகளுக்காகப் பழுதில்லாத படிகம் தேடுகிற ஆய்வுக்கூடங்களில் கோணலாய் வந்தது கழிவு. அந்தக் கழிவைப் பிளந்து, மூன்று நான்கு தலைமுறை வளர்த்து, எந்தப் பழுது தப்பிப் பிழைக்கிறது என்று பார்க்கப் பெரிய செலவு ஆகாது. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் 'பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் சிக்கல்.