அதைக் கவனக்குறைவு என்று சொல்லாதீர்கள்

"இவளுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். கேர்லெஸ், அவ்வளவுதான்."

சிங்கப்பூரில் தொடக்கநிலை 3, அதாவது மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணிதத் தாளை என்னிடம் நீட்டியபடி அவளுடைய அம்மா சொன்னது இது. ஒவ்வொரு தவணையும் பெற்றோர் சந்திப்பில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வசனம்.

தாளைப் பார்த்தேன். 403 − 178 = 375. அதற்குக் கீழே 610 − 245 = 435. அடுத்த பக்கத்தில் 52 − 38 = 26. மூன்று கணக்கிலும் ஒரே தவறு. ஒவ்வொரு இடத்திலும் எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள், அது மேலே இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி. ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்கிற பிள்ளையை எப்படிக் கவனக்குறைவு என்று சொல்வது?

இதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கவனக்குறைவு என்றால் 6-ஐ 9 என்று பார்த்து எழுதுவது, விடையில் செண்டிமீட்டர் போட மறப்பது. இன்று வரும், நாளை வராது. புரியாமை அப்படியில்லை. அதே வகைக் கணக்கை எப்போது கொடுத்தாலும் அதே மாதிரிதான் தப்பும். அந்தப் பிள்ளையிடம் "கவனமாப் போடு" என்று சொன்னால், அதே தவற்றை இன்னும் கவனமாகச் செய்துவிட்டு வந்து நிற்கும். அதற்கும் திட்டு வாங்கும். அப்புறம் "எனக்கு மேத்ஸ் வராது" என்று அதுவே முடிவு கட்டிவிடும். எட்டு வயதில், ஒன்பது வயதில் இந்த முடிவுக்கு வந்த பிள்ளைகளை நிறையவே பார்க்கிறேன்.

மதிப்பெண்ணும் இதைக் காட்டிக்கொடுக்காது. 587 − 243 மாதிரி பத்தைப் பிரிக்கத் தேவையில்லாத கணக்கெல்லாம் இவளுக்குச் சரியாகவே வரும். பத்துக்கு ஆறு வாங்கிவிடுவாள். "நாலுதானே போச்சு, அவசரத்துல போட்டிருப்பா" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். அந்த நாலில்தான் விஷயமே இருக்கிறது.

403 − 178-ஐ எப்படிப் போட்டாய் என்று அவளிடம் கேட்டேன். "மூணுலேருந்து எட்டு போகாது டீச்சர். அதனால எட்டுலேருந்து மூணைக் கழிச்சேன்." நூறு, பத்து, ஒன்று என்று எழுதிய இட மதிப்பு வட்டுகளை எடுத்து வைத்தேன். நான்கு நூறு, மூன்று ஒன்று. எட்டு ஒன்றுகளை எடுக்கச் சொன்னேன். மூன்றை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பத்து வட்டு ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், தானாகவே ஒரு நூறு வட்டைக் கொடுத்து, 10 என்று எழுதிய வட்டுகள் பத்து வாங்கினாள். அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றினாள். 178 போக 225 வந்தது. "அப்போ 375 தப்பா டீச்சர்?" என்று அவள்தான் கேட்டாள், நான் சொல்லவில்லை.

பொருளை வைத்து, பிறகு படம் வரைந்து, அதன் பிறகே எண்ணுக்குப் போவது சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980-களிலிருந்து இருக்கிற வழி. வீட்டில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். "பெருசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று தொடக்கநிலை 1-இல் சொல்லிக்கொடுத்தது யார்? பெரும்பாலும் நாம்தான். "பத்தால பெருக்கினா பின்னாடி ஒரு சைபர் போடு" என்பதும் அதே ரகம். முழு எண் வரை ஓடும். தொடக்கநிலை 5-இல் 2.5 × 10 = 2.50 என்று எழுதும்போது தெரியும் வினை. 0.4-ஐவிட 0.35 பெரிது, ஏனென்றால் 4-ஐவிட 35 பெரிது என்று சொல்கிற பிள்ளையும் கவனமாகத்தான் யோசித்திருக்கிறது.

ஊரில் படித்த பெற்றோர் சிலர், "நாங்க கடன் வாங்கிக் கழிப்போம், அப்படிச் சொல்லிக்கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக. கடன் வாங்கிய அந்த 1 உண்மையில் பத்து என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். தமிழிலேயே கேளுங்கள், பிள்ளை தமிழிலேயே விளக்கட்டும்.

தொடக்கநிலை 1, 2-இல் 2019 முதல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வே கிடையாது. எண்களைப் பிள்ளை நிதானமாகப் பழக வேண்டும் என்பதற்காகக் கொடுத்த இரண்டு வருடம் அது. அதை நிரப்பத்தான் பிராஸ் பசா காம்ப்ளக்ஸில் அசெஸ்மென்ட் புத்தகங்களை, அதாவது பயிற்சிக் கணக்குப் புத்தகங்களை, அடுக்கடுக்காக வாங்கி வருகிறீர்கள். தவறாகப் புரிந்த ஒன்றை நூறு முறை போட வைத்தால் அந்தத் தவறுதான் உறுதிப்படும். முதலில் பத்துக் கணக்குப் போதும், ஒவ்வொன்றையும் எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். சரியாக வந்ததையும் கேளுங்கள். கேட்கும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தே விடையை மாற்றிவிடும். மூன்று நாள் கழித்து அதே வகையில் ஒன்று கொடுத்துப் பாருங்கள். மறுபடி அதே தவறு என்றால் ஆசிரியரிடம் வாருங்கள், வரும்போது தாளைக் கொண்டு வாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பள்ளியில் கணிதக் கற்றல் ஆதரவு வகுப்புக்குப் பிள்ளையின் பெயர் வந்தால் தயவுசெய்து மறுக்காதீர்கள். சின்னக் குழு, தனிக் கவனம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்று. வீட்டில் கணக்குப் போடும்போது ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள். தப்பினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ தேர்வில்கூடப் பெரிய கணக்குகளில் விடை தப்பினாலும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கிக் கொண்டுவந்தால், பிள்ளை எங்கே தடுமாறியது என்று நான் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?