வீட்டில் செய்த விறகு மெசினும் இரண்டு கைகளும்

ஒரு நாள் பின்னேரம், கராச் பூட்டுகிற நேரத்தில், விறகு விற்கும் விறகுகாலை ஒன்றை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கையில், விறகு பிளக்கும் மெசினில் அழுத்தத்தோடு ஒயில் ஓடும் ஒரு ஹைட்ரோலிக் ஹோஸ். "தம்பி, இது எங்கையோ கசியுது. இதே அளவிலை ஒண்டு அடிச்சுத் தாரும், நாளைக்கு விடிய வேலை கிடக்கு" என்றார். ஹோஸை வாங்கும்போது அவருடைய இடக்கைச் சுட்டுவிரல் கண்ணில் பட்டது. நுனியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, இலந்தை முள் குத்தினால் இருக்குமே, அந்த அளவுதான். ஆனால் அந்த விரல் மட்டும் மற்ற விரல்களைவிடத் தடித்து, வெளிறிப் போய் இருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டேன். "கசிவு எந்த இடத்திலை எண்டு மெசின் ஓடேக்கை தடவிப் பாத்தனான். சுள்ளெண்டு ஒருக்காக் குத்திச்சுது. இப்ப நோவில்லை, விறைச்ச மாதிரிக் கிடக்கு."

ஹோஸை மேசையில் போட்டுவிட்டு, அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனேன். சின்னக் காயத்துக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று இரவே விரலை நுனியிலிருந்து உள்ளங்கை வரை திறந்து, உள்ளே போயிருந்த ஒயிலைக் கழுவி எடுத்தார்கள். விரல் தப்பியது. ஆனால் இன்றும் அது முழுதாக மடங்காது. தேநீர்க் கோப்பையை மற்ற மூன்று விரல்களாலும் பெருவிரலாலும்தான் பிடிப்பார்.

ஹைட்ரோலிக் திருத்த வேலையில்தான் என் சீவியம் போகிறது. ஜேசிபி, டிப்பர், உழவு இயந்திரம் என்று வருவதுதான் வழக்கம். 2022 ஆம் ஆண்டு காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற காலத்தில் விறகுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. வெதுப்பகப் போறணைகளுக்கும் கலியாண வீட்டுச் சமையலுக்கும் வேண்டிய விறகு, வீட்டு அடுப்புகளுக்கும் வேண்டியதாகிவிட்டது. கோடரியால் கொத்த ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் பழைய இரும்புக் கடையில் ஒரு சிலிண்டரும் ஒரு பம்பும் எடுத்து, 'எச்' வடிவ இரும்பில் பொருத்தி, மறுமுனையில் ஒரு ஆப்பை ஒட்டி, குற்றியை அதில் தள்ளிப் பிளக்கும் மெசின் செய்கிறவர்கள் பெருகினார்கள். நானும் செய்து கொடுத்தேன். கெட்டித்தனமான வேலைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆபத்தான வேலைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே மெசினில்தான் இருக்கும்.

"இன்னும் திருத்த வேணும்" என்று என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது பலமும் வேகமும். கைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். உள்விட்டம் 100 மில்லிமீற்றர் உள்ள சிலிண்டரின் பிஸ்டன் முகம் 78.5 சதுர சென்ரிமீற்றர். அதில் 175 பார், அதாவது ஏறக்குறைய 2500 பி.எஸ்.ஐ. அழுத்தம் விழுந்தால் தள்ளும் விசை 14 தொன். முற்றிய புளியையும் வேம்பையும் தவிர, இங்கே கிடைக்கும் பெரும்பாலான குற்றிகளுக்கு இது தாராளம். ஆனால் பிளவாத ஒரு குற்றியைக் கண்டவுடன், அழுத்தம் அளவுக்கு மேல் ஏறாமல் ஒயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் திருகாணியை இன்னும் இரண்டு சுற்று இறுக்குகிறார்கள். அழுத்தம் காட்டும் மீற்றரும் பூட்டியிருக்க மாட்டார்கள். 250 பாருக்கு ஏறிவிட்டால் அதே சிலிண்டர் 20 தொன் தள்ளும். பழைய பம்புக்கும் ஹோஸுக்கும் வெல்டிங் ஒட்டுக்கும் அந்த விசையைத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை.

முதலில் உடைவது அநேகமாக ஆப்பை ஒட்டியிருக்கும் அடிப்பகுதிதான். குற்றியின் நடு, இரும்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. 14 தொன்னும் அந்த உயரத்தில் நின்று ஆப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அலவாங்கால் கிளப்புவது போல, எல்லாப் பாரமும் ஒட்டின் முன்விளிம்பில் வந்து இழுக்கும். எனவே ஆப்புக்குப் பின்னால் முக்கோணத் தகடுகள் வேண்டும். பெயின்ற் அடித்த மெசினாக இருந்தால் ஒட்டின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தலைமயிர் அளவில் பெயின்ற் வெடித்து, அந்த வெடிப்பில் கபில நிறத்தில் துரு கசிந்திருந்தால் உள்ளே இரும்பு பிளக்கத் தொடங்கிவிட்டது. அதன்மேல் இன்னொரு தரம் ஒட்டினால் போதாது. வெட்டி எடுத்து, அடிவரைக்கும் தீட்டி, புதிதாக ஒட்ட வேண்டும்.

ரிலீஃப் வால்வை மீற்றர் பூட்டித்தான் செற் பண்ண வேண்டும். செற் பண்ணிய பிறகு திருகாணிக்கு ஒரு மூடி போட்டுப் பூட்டிவிடுவது என் பழக்கம். கோபத்தில் இருக்கிற நேரம் கைக்கு எட்டாத இடத்தில் அது இருப்பது நல்லது.

இனிக் கைகள்.

குற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் லீவரைத் தள்ளுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். குற்றி சரியாமல் இருக்க வேண்டும் அல்லவா? விரல் போவது அந்த இடத்தில்தான். ஐரோப்பாவில் ஆப்பு வைத்த விறகு மெசின்களுக்கென்று ஈஎன் 609-1 என்ற தரநிலை இருக்கிறது. இரண்டு கைகளும் லீவர்களில் இருந்தால் மட்டும் மெசின் தள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. அதைச் செய்ய மின்சார வேலை ஒன்றும் தேவையில்லை. இரண்டு லீவர்களை எடுங்கள். அவற்றின் கீழ்நுனிகளை ஒரு குறுக்குச் சட்டத்தால் இணையுங்கள். சட்டத்தின் நடுவிலிருந்து, ஒயிலைச் சிலிண்டருக்கு அனுப்பும் வால்வுக்குத் தண்டு போகட்டும். இரண்டு லீவர்களும் சேர்ந்து வந்தால் நடுவும் முழுத் தூரம் வரும், வால்வு திறக்கும். ஒன்றை மட்டும் தள்ளினால் சட்டம் சரியும், நடு பாதித் தூரம்தான் நகரும். அந்தப் பாதித் தூரத்தில் வால்வு திறக்காதபடி அளந்து பொருத்த வேண்டும். ஒவ்வொரு லீவருக்கும் தனித்தனியாக ஒரு தடை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையே தூரத் தள்ளி ஏமாற்றலாம். ஒரு கையாலும் முழங்காலாலும் சேர்த்துத் தள்ள முடியாத அளவுக்கு இரண்டுக்கும் இடைவெளி இருக்கட்டும். குற்றியைத் தாங்க இரண்டு பக்கமும் தகட்டில் ஒரு தொட்டில் ஒட்டிவிட்டால் கை அங்கே போக வேண்டிய தேவையே இல்லை.

ஒரு லீவரைக் கயிற்றால் கட்டிவிட்டு ஒரு கையால் வேலை செய்த மெசின் ஒன்றைக் கண்டேன். அந்தக் கயிற்றை அறுத்துப் போட்ட பிறகுதான் மற்றத் திருத்த வேலையைத் தொட்டேன்.

வால்வு விடயத்திலும் ஒன்று. கையை எடுத்தவுடன் ஸ்பிரிங் லீவரைத் தானாக நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சில வால்வுகளில் ஒரு பக்கம் லீவர் கொளுவி நிற்கும். பிஸ்டன் திரும்பி வருவதற்கு அது வசதி, அதில் பிழையில்லை. ஆனால் ஹோஸ்கள் இரண்டையும் மாறிப் பூட்டிவிட்டால் அதே கொளுவல் தள்ளுகிற பக்கத்துக்கு வந்துவிடும். கையை எடுத்த பிறகும் ஆப்பை நோக்கி 14 தொன் வந்துகொண்டே இருக்கும். வேலை செய்யும் மெசின்களில் இதை இரண்டு முறை கண்டிருக்கிறேன், ஓட்டுகிறவர்கள் அதை வசதி என்று நினைத்திருந்தார்கள். உங்கள் மெசினை இன்றைக்கே வெறுமையாக ஓட்டிப் பாருங்கள். தள்ளும்போது கையை எடுத்தால் நிற்கிறதா?

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வதும் ஆபத்து. ஒருவர் குற்றி வைக்க, மற்றவர் லீவர் பிடிக்கிறார். சத்தத்தில் "ம்" என்றது "சரி" என்று கேட்கும். குற்றி வைக்கிறவரே லீவரையும் பிடிக்கட்டும். உதவிக்கு நிற்பவர் குற்றி உருட்டிக் கொடுக்கலாம், பிளந்ததை அடுக்கலாம், மெசினில் கை வைக்கக் கூடாது. பிள்ளைகளைக் கிட்ட விடவே வேண்டாம். இஞ்சினிலிருந்து பம்புக்குப் பெல்ற் போகிற மெசின் என்றால் அதற்குக் கட்டாயம் மூடி வேண்டும். நாங்கள் சாரம் கட்டுகிற ஆட்கள். சாரத்தின் நுனியைப் பெல்ற் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

ஹோஸுக்குத் திரும்பி வருகிறேன். அழுத்தப் பக்கத்தில் இரட்டைக் கம்பி வலை உள்ள ஹைட்ரோலிக் ஹோஸ்தான் போட வேண்டும், அதன் முனைகள் பிரஸ் மெசினால் அழுத்திப் பொருத்தியவையாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் எல்போவும் கிளிப்பும் அங்கே வரக்கூடாது. எங்கள் வெயிலில் வெளியே கிடக்கும் ஹோஸின் மேல் இறப்பர் வெடித்துவிடும். அந்த வெடிப்பால் மழைத்தண்ணீர் போய் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஓட்டாத நாட்களில் ஒரு தறப்பாளால் மூடி வைத்தாலே ஆயுள் கூடும்.

ஊசி நுனி அளவு துளையால் பாயும் ஒயில் கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும் என்பார்கள், மெசினில் ஓடுவதோ 175. உள்ளே போன ஒயில் தசைநார் ஓடும் உறை வழியாக உள்ளங்கை வரை பரவும், வீக்கம் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஆரம்பத்தில் நோ குறைவாக இருப்பதால்தான் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மறுநாள் விடிய விரல் கறுத்த பிறகு போனால், பல வேளைகளில் வெட்டி எடுப்பதுதான் வழி. ஆகவே கசிவைத் தேடும்போது ஒரு நீளமான காட்போட் மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், ஈரம் அதில் விழும். அதைவிட நல்லது, இஞ்சினை நிறுத்தி லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி, உள்ளே தங்கியிருக்கும் அழுத்தத்தை விட்ட பிறகு ஹோஸை மாற்றிவிடுவது. இஞ்சின் நின்றதும் அழுத்தமும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சுடுதண்ணீரில் வைக்கவும் வேண்டாம். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வழியில் தேநீர் குடிக்க நிற்காதீர்கள், சத்திரசிகிச்சைக்கு வெறும் வயிறு தேவைப்படலாம். அங்கே "கை வெட்டிப்போட்டுது" என்று சொல்லாமல் "அழுத்தத்தில் ஒயில் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று சொல்லுங்கள். என்ன ஒயில் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். வெளியே தெரியும் காயம் சின்னதாக இருப்பதால் இந்த வசனம் முக்கியம்.

மரத்தைப் பற்றியும் கொஞ்சம். பனை மற்ற மரங்களைப் போலப் பிளக்காது. வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. ஆப்பு பிளப்பதற்குப் பதிலாக நாரை நசுக்கிக்கொண்டு போகும். அதற்குக் கூரான, மெல்லிய ஆப்பு வேண்டும், ஓரத்திலிருந்து கழற்ற வேண்டும். சரிவாக அறுத்த குற்றியும் கவர் உள்ள குற்றியும் பக்கமாகத் துள்ளி வரும். வேலியில் நின்ற பூவரசங் கதியாலுக்குள் முட்கம்பி இருக்கும். பழைய வேம்புக்குள் யுத்தகாலத்து ஷெல் துண்டு இருப்பதும் இங்கே புதினமில்லை. ஆப்பு அதில் பட்டால் சில்லுத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். துண்டு பெரிதாக, முழு உருவமாகத் தெரிந்தால் அந்தக் குற்றியைத் தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஒயில் விடயத்தில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்பைக் கொல்கிறார்கள். இஞ்சினில் கழித்த ஒயிலில் கரித்தூள் இருக்கும், அது பம்பின் பற்களைத் தேய்த்துவிடும். பிரேக் ஒயில் சீல்களை ஊதவைக்கும். 46 அல்லது 68 ஆம் இலக்க ஹைட்ரோலிக் ஒயில் போடுங்கள், எங்கள் வெக்கைக்கு நான் 68 ஐத்தான் விரும்புவேன். பம்புக்குள் கல்லு அரைபடுகிற மாதிரிச் சத்தம் கேட்டால் உறிஞ்சும் குழாய் மெல்லியது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது.

வேகம் கேட்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நிமிடத்துக்கு 16 லீற்றர் தரும் சாதாரண பம்ப், 100 மில்லிமீற்றர் சிலிண்டரை 60 சென்ரிமீற்றர் தள்ள 18 செக்கன் எடுக்கும். இந்தப் பொறுமையின்மையில்தான் கை உள்ளே போகிறது. இரண்டு நிலைப் பம்ப் போட்டால், பாரமில்லாத நேரம் 40 லீற்றர் அளவில் தள்ளி 7 செக்கனில் முடித்துவிடும். குற்றி இறுகினால் மட்டும் தானாகக் குறைந்த ஓட்டத்துக்கும் கூடிய அழுத்தத்துக்கும் மாறும். அதே இஞ்சின் போதும். ஆனால் திரும்பும் குழாயைப் பெரிதாக்க மறக்க வேண்டாம். பிஸ்டன் திரும்பும்போது பம்ப் தருவதைவிடக் கூடுதலான ஒயில் வெளியே வரும்.

அந்த விறகுகாலைக்காரரின் மெசினுக்கும் இரண்டு நிலைப் பம்பைத்தான் பூட்டினேன், லீவர் இரண்டும் வைத்த பிறகு. இடப்பக்க லீவருக்குத் தடித்த இறப்பர்ப் பிடி ஒன்று போட்டுக் கொடுத்தேன். மடங்காத விரலோடு மெல்லிய கம்பியை அவரால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.