ஒரே புத்தகம், மூன்று கெடு: பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் விதிகள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஒருவருக்கு எத்தனை புத்தகம், எத்தனை நாள் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் கிடையாது. பெரும்பாலும் நூலகக் குழு பரிந்துரைக்கும், பல்கலைக்கழகத்தின் ஆட்சி அமைப்பு ஒப்புதல் தரும். அதனால்தான் ஒரே முதுகலைப் படிப்புக்கு ஓரிடத்தில் நான்கு புத்தகமும் இன்னோரிடத்தில் ஆறும் கிடைக்கின்றன.

குழு எழுதுவதோடு சரி. அந்த விதியை அன்றாடம் நடத்துவது கணினி. இந்தியக் கல்வி நிலையங்கள் பலவற்றில் அது கோஹா என்ற கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஒரு வட்டார நூலகத்துக்காக உருவாகி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அபராதம் கணக்கிடும் மென்பொருளுக்கு நல்ல பெயர்தான்!

அதற்குள் விதிகள் ஒரு கட்டம் போல இருக்கும். எந்தக் கிளை, எந்த வகை உறுப்பினர், எந்த வகை நூல் என்ற மூன்றும் சேரும் இடத்தில் எண்ணிக்கை, நாள், புதுப்பிப்பு, அபராதம் எல்லாம் குறிக்கப்படும். குறிப்பான விதி இருந்தால் அது பொது விதியை வெல்லும். "ஆய்வு மாணவர், பாடநூல்" என்று தனி வரி இருந்தால் "எல்லா மாணவர், எல்லா நூல்" என்ற வரியைக் கணினி பார்க்காது. எதிலும் சேராதவர்களுக்காக ஒரு பொது வரி கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால், புதிதாகச் சேர்ந்த வருகைதரு பேராசிரியர் ஒரு நூலை முன்பதிவு செய்யக்கூட முடியாமல் நிற்க நேரிடலாம்.

வாசகருக்கும் இரவல் மேசை ஊழியருக்கும் சண்டை மூளும் இடம் விடுமுறை. ஒரு கணக்கைப் பாருங்கள். 2026 ஜனவரி 2, வெள்ளிக்கிழமை, 14 நாள் தவணையில் புத்தகம் எடுக்கிறீர்கள். நூலகத்துக்கு ஞாயிறும் பொங்கலுக்கான 15, 16, 17 தேதிகளும் விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டியைப் பார்க்காமல் எண்ணும்படி அமைத்திருந்தால் கெடு 16, அதாவது கதவு பூட்டிக் கிடக்கும் திருவள்ளுவர் நாள். கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும்படி அமைத்திருந்தால் 19, திங்கள். மூடிய நாட்களை எண்ணாமல் விட்டால் 22. விதிப்புத்தகத்தில் மூன்றுக்கும் "14 நாள்" என்றுதான் இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதே நியாயம். கெடு நாளில் வாசகர் பூட்டிய கதவைக் காணமாட்டார், அடுத்து காத்திருப்பவருக்கும் புத்தகம் அதிகம் தாமதமாகாது. எந்த முறையானாலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுமுறைப் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் முறை எதுவானாலும் பயனில்லை.

கெடு தாண்டியும் அபராதமின்றி விடும் சலுகை நாட்களிலும் இதே குழப்பம் உண்டு. இரண்டு நாள் சலுகை, நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம் என்றிருக்கும் இடத்தில் மூன்று நாள் தாமதமானால் ஒரு ரூபாய்தானே என்று மாணவர் நினைப்பார். சலுகை நாட்களையும் அபராதத்தில் சேர்க்கும் அமைப்பு இருந்தால் மூன்று ரூபாய் காட்டும். சலுகைக்குள் திருப்பியவருக்கு அபராதமே இல்லை, தாண்டியவருக்கு முதல் நாளிலிருந்து கணக்கு. தொகை சிறியதுதான். ஆனாலும் இதை எழுதி ஒட்டாத நூலகத்தில் ஊழியர் தினமும் வாய் வலிக்க விளக்கிக்கொண்டிருப்பார்.

புத்தகம் தொலைந்தால், அதே நூலை வாங்கித் தருவது அல்லது விலையைக் கட்டுவது என்பது பரவலான வழக்கம். விலையைப் போல் எத்தனை மடங்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். பலரும் அறியாதது, மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 இழப்புக்கு இடம் விட்டிருப்பது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவது, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லை என்றால், ஏற்கத்தக்க இழப்பே. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். அரிய நூலுக்கு விலை பொருட்டில்லை. மத்திய அரசு நிறுவனங்களுக்கான இந்த விதி கையில் இருந்தும், தணிக்கைக்கு அஞ்சி நல்ல நூல்களை எல்லாம் "இரவலுக்கு அல்ல" என்று முத்திரை குத்தும் நூலகர்கள் இருக்கிறார்கள். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று நூலகவியலின் முதல் விதியை வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர்.

படிப்பு முடிந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலுவையில்லாச் சான்று கேட்கும் நாளில்தான் பலருக்குப் பழைய பாக்கி தெரியவருகிறது. புத்தகத்தைத் திருப்பியதும் உங்கள் கணக்கிலிருந்து நீங்கிவிட்டதா என்று மேசையிலேயே பார்த்துவிடுங்கள். விடுமுறை நாளில் வாசல் பெட்டியில் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. பெட்டியில் வந்த நூல்களை, நூலகம் கடைசியாகத் திறந்திருந்த நாளின் தேதியில் வரவு வைக்கக் கோஹாவில் தனி வசதி இருக்கிறது. காலையில் பெட்டியைத் திறக்கும் ஊழியர் அதைச் சொடுக்க மறந்தால், நீங்கள் சனிக்கிழமை போட்ட புத்தகம் திங்கட்கிழமைதான் வந்ததாகப் பதிவாகும்.