டிஸ்ப்ளே மாற்ற லாக் எதற்கு?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் போனை நீட்டும்போதே லாக்கையும் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் கேட்கக்கூட வேண்டாம். "எல் மாதிரி இழுங்க" என்பார்கள், இல்லையென்றால் பிறந்த வருஷம். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போனின் முதுகிலேயே ஒட்டி ரேக்கில் வைப்பது பல கடைகளில் வழக்கம். பூட்டும் சாவியும் சாயங்காலம் வரை ஒரே இடத்தில் கிடக்கும்.

தொழில்காரனாகவே சொல்கிறேன். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் மாற்ற லாக் தேவையே இல்லை. எமர்ஜென்சி கால் பக்கத்தில் எண்களை அழுத்தினால் டச் சரியா என்று தெரிந்துவிடும். கேமரா, டார்ச் எல்லாம் பெரும்பாலான போன்களில் லாக் திரையிலேயே திறக்கும். சாஃப்ட்வேர் கோளாறு என்றால் மட்டும் உள்ளே போக வேண்டியிருக்கும். மற்றபடி மெக்கானிக் லாக் கேட்பது அவர் சௌகரியத்துக்கு. நீங்கள் சொல்வது, மறுபடி ஒரு நடை வந்து சரிபார்க்க அலுப்பாக இருப்பதால்.

சாம்சங் போன்களில் 2022 முதல் மெயின்டனன்ஸ் மோட் வந்திருக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி, டிவைஸ் கேர் பகுதியில் இருக்கும். அதைப் போட்டுக் கொடுத்தால் எங்களுக்குத் தெரிவது வெறும் போன்தான். படம், மெசேஜ் எதுவும் கண்ணில் படாது. நிறுத்த உங்கள் லாக் வேண்டும். கூகுளின் பிக்சல் போன்களில் இதற்குப் பெயர் ரிப்பேர் மோட். இந்த வசதி இல்லாத போனா? லாக் சொல்லாமல் கொடுங்கள், வாங்கும்போது நீங்களே திறந்து பாருங்கள். எதுவானாலும் சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும், லாக் போட்ட திரையிலும் பளிச்சென்று தெரியும்.

இதையெல்லாம் சொன்னால் சிரிக்கிறவர்களும் உண்டு. காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா ஒருவர், போன் ஹேங் ஆகிறது என்று வந்தார். "இன்னா தம்பி, என் போன்ல இன்னா கீது, மீன் படம்தான்" என்றார். எந்த ஆப்புக்கு என்ன அனுமதி என்று காட்டும் பர்மிஷன் மேனேஜரை அவர் கண்ணெதிரிலேயே திறந்து காட்டினேன். டார்ச் ஆப் ஒன்றுக்கு மைக் அனுமதி. கடன் ஆப் ஒன்றுக்கு காண்டாக்ட் முழுவதும். "கடன் வாங்குனது நானு. என் நாத்தனார் நம்பரு அவனுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் வேலை செய்யும் கடன் ஆப்கள் காண்டாக்ட், கால் விவரம், கேலரி பக்கமே போகக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் அனுமதிகூட நீங்கள் ஆப்பில் சேரும்போது ஒரே ஒரு முறை, உங்கள் சம்மதத்தோடுதான். ஆகவே காண்டாக்ட் கேட்கிற கடன் ஆப்பை அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

க்யூஆர் அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மீன் கூடைக்குப் பக்கத்தில் அது வந்தபிறகு சில்லறைத் தகராறே போய்விட்டது என்று அந்த அக்காவே சொல்கிறார். பணம் அனுப்பும் ஆப் இருக்கட்டும், டார்ச்சுக்கு மைக் வேண்டாம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கடன் ஆப்பை நீக்கினாலும் அது ஏற்கெனவே எடுத்துப்போன நம்பர்கள் திரும்பி வராது. சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கடன் ஆப்காரர்களிடமிருந்து மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.