சுருண்ட மிளகாய் இலையைச் செயலிக்குக் காட்டும் முன்

முண்டு மிளகாய்ச் செடியின் கொழுந்து சுருண்டிருக்கிறது. போனில் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால் ‘இலைச் சுருட்டை வைரஸ், 97 சதவீதம்’ என்று வருகிறது. அந்தத் திரையைப் பார்த்துத்தான் விவசாயி மருந்துக் கடைக்குப் போவார். ராமநாதபுரம் மானாவாரியில் ஒரே பட்டத்தை நம்பி விதைத்தவருக்குத் தவறான ஒரு தெளிப்புகூடப் பெரிய இழப்பு. பயிர் நோய்க்குச் செயற்கை நுண்ணறிவு மாடல் செய்ய வரும் முதுநிலை மாணவர்கள் இதை முதல் நாளே மனதில் வைக்க வேண்டும்.

கடலாடியிலும் கமுதியிலும் ‘சுருட்டை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காரணங்கள் இருக்கின்றன. இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலையோரம் மேல்நோக்கி மடியும். நிமிர்த்தி வைத்த வள்ளம் போல இருக்கும். மஞ்சள் சிலந்தி என்றால் கவிழ்த்துப் போட்ட வள்ளம்: ஓரம் கீழ்நோக்கி வளையும், காம்பு நீண்டுவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸில் நரம்பு தடித்து, இலை சிறுத்து, கணு இடைவெளி குறுகி, செடியே குட்டையாக நின்றுவிடும். சிலந்தி பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் உயிரி. இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்துகள் பலவும் அதைத் தொடாது. வைரஸ் ஏறிய செடிக்கோ மருந்தே கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுதான் வழி. மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்துப் பழக்கிய மாடல் விவசாயிக்கு உதவாது.

அதனால் படத்துக்குப் பெயரிடும் வேலையை ஆய்வகத்தில் கணினி முன் உட்கார்ந்து செய்யக் கூடாது. செடி முன்னால் நின்று செய்ய வேண்டும். கொழுந்தையும் பூவையும் ஒரு வெள்ளைத் தாள்மேல் பிடித்து நாலு தட்டுத் தட்டுங்கள். இலைப்பேன் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், ஊசிமுனை நகர்வது போல ஓடும். சிலந்தி அதில் ஐந்தில் ஒரு பங்குதான். வெறும் கண்ணுக்குச் சிக்காது. பத்து மடங்கு லென்ஸை இளம் இலையின் அடிப்புறத்தில் வைத்து, நரம்பை ஒட்டித் தேடினால் தெரியும். இரண்டும் இல்லாமல் நரம்பு தடித்திருந்தால் இலை மாதிரி எடுத்துப் பிசிஆர் சோதனைக்கு, அதாவது வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு, அனுப்புங்கள். கடைசியாக மருந்து அடித்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேன் செத்துப் பத்து நாள் ஆனாலும் அது மடித்த இலை மடிந்தே இருக்கும். ஒரே செடியில் இரண்டு காரணங்கள் இருப்பதும் சாதாரணம். ஒரு படத்துக்கு இரண்டு பெயர் கொடுக்க ஆரம்பத்திலேயே இடம் வையுங்கள்.

கடலோரத்துக்கே உரிய சிக்கல் உப்பு. இலை நுனியும் ஓரமும் கருகிய படத்தை, ‘நலம்’ தவிர நோய்ப் பெயர்கள் மட்டுமே தெரிந்த மாடலிடம் கொடுத்தால், அது ஏதோ ஒரு நோயின் பெயரையோ ‘நலம்’ என்றோதான் சொல்லும். தெரிந்த வகைகளுக்குள்ளேயே நூறு சதவீதத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பது அதன் கணக்கு. பனை ஓலைப் படத்தைக் காட்டினாலும் அப்படித்தான். ஆகவே ‘உப்புக் கருகல்’ தனி வகையாக இருந்தே ஆக வேண்டும். வயலில் அதை அடையாளம் காண்பது கடினமல்ல: மூத்த இலையில் தொடங்கும், தாழ்வான இடத்தில் திட்டாகப் பரவும், மண் மேல் வெள்ளை பூத்திருக்கும். உறுதிப்படுத்த, மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் கருவி வேண்டும். மிளகாய் தாங்கும் அளவு மீட்டருக்கு 1.5 டெசிசீமன், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். ஆனால் இவை மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, செறிவூட்டி வடித்த சாற்றின் அளவுகள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்தால் எண் குறைவாகவே வரும். அதை இதோடு ஒப்பிட்டு ‘உப்பு இல்லை’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

பழத்திலும் இப்படி ஒரு இரட்டைக் குழப்பம் உண்டு. வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் போலானால் வெயில் கருகல். குழிந்த வட்டத்துக்குள் வளைய வளையமாகக் கரும்புள்ளிகள் இருந்தால் பழ அழுகல்.

இணையத்தில் கிடைக்கும் படத்தொகுப்பை வைத்து ஆய்வை முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிளான்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப் படத்தொகுப்பின் 54,306 படங்களில் பழக்கிய மாடல் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது என்று 2016-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31.4-க்கு இறங்கியதையும் அதே கட்டுரை சொல்கிறது. பிளான்ட்வில்லேஜில் இருப்பவை பறித்த இலையை ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். மிளகாய் இனத்தில் குடமிளகாய் மட்டும்தான் அதில் உண்டு; அதிலும் பாக்டீரியா புள்ளி, நலமான இலை என இரண்டே வகை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு அதில் இல்லை.

சொந்தமாக எடுத்த படத்திலும் மாடல் ஏமாற்றும். 200 செடி, செடிக்கு 5 படம், மொத்தம் 1,000. அதைப் பயிற்சிக்கு 80 சதவீதம், சோதனைக்கு 20 சதவீதம் என்று கலைத்துப் பிரித்தால், சோதனைக்கு வரும் ஏறக்குறைய ஒவ்வொரு படத்துக்கும் அதே செடியின் இன்னொரு படம் பயிற்சியில் இருக்கும். மாடல் நோயைப் படிக்காமல் செடியை அடையாளம் வைத்துக்கொள்ளும். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் படங்களில் பழக்கி, ஆர்.எஸ்.மங்கலத்தில் சோதியுங்கள். கிடைக்கும் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதுதான் உண்மையான மதிப்பெண். ஆய்வேட்டில் அதையே எழுதுங்கள்.

நோயுள்ள செடிக்கு மட்டும் சீட்டுக் கட்டிப் படம் எடுத்தால் மாடல் சீட்டைக் கற்றுக்கொள்ளும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், உடம்பால் நிழல் கொடுத்து, முழுச்செடி, கொழுந்து, இலை மேற்புறம், அடிப்புறம் என நாலு படம் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த இடமும் நேரமும் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

வயலில் இறக்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் செடியில் நாற்பதுக்கு நோய். மாடல் நோயையும் நலத்தையும் தலா 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளதில் 36-ஐப் பிடிக்கும். நலமான 960-ல் 96-ஐ நோய் என்று சொல்லும். எச்சரிக்கை வந்த 132-ல் ஏறத்தாழ நாலில் மூன்று பொய். எனவே ஒரு செடியின் படத்தை மட்டும் வைத்து மருந்துப் பெயர் சொல்லும் செயலியை வெளியிடாதீர்கள். வயலின் நாலைந்து இடத்துப் படம் வேண்டும். உறுதி குறைந்த இடத்தில் திரையில் வர வேண்டிய வரி இது: ‘சரியாகத் தெரியவில்லை. இலையைத் திருப்பி அடிப்புறத்தை எடுங்கள்.’