குளிர் இரவில் ஜன்னலை ஏன் திறந்து வைக்க வேண்டும்?

குளிர்காலத்தில் சின்ன டிரெய்லரில் தூங்கி எழுந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. விடிகாலையில் கண் விழித்து மேலே பார்த்தால், கூரையில் இருக்கும் திருகாணி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்த்துளி தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பலகை காய்ந்திருக்கும், திருகாணி மட்டும் நனைந்திருக்கும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, ஓட்டையைத் தேடி மேலே ஏறிப் பார்ப்பவர்களும் உண்டு. வெளியே மழையே பெய்திருக்காது. அந்தத் துளிகள் இரவெல்லாம் உள்ளே தூங்கியவர்கள் விட்ட மூச்சு.

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர், அதில் ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, இரண்டு ஜன்னல். குளிர்காலத்தை அனுபவிக்க இவ்வளவு போதும். கொசுத் தொல்லை குறைவு, கூட்டம் குறைவு, மேகமில்லாத இரவில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் முகாமுக்குக் கோடையைவிட இதுதான் நல்ல பருவம். ஆனால் பலர் முதல் இரவோடு போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டுப் படுப்பார்கள். காலையில் போர்வை நசநசவென்று இருக்கும், மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். அவர்களை விரட்டியது குளிர் அல்ல, ஈரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது சுமார் 14 கன மீட்டர் காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, அந்த டிரெய்லரின் மொத்தக் காற்றும் சேர்ந்து கால் லிட்டர் தண்ணீரைக்கூடத் தாண்டாது. தூங்குகிற ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 40 கிராம் நீர் ஆவியாக வெளியேறுகிறது. இரண்டு பேர், 8 மணி நேரம் என்றால் அரை லிட்டர். அடைத்த டிரெய்லரில் அதற்கு இடமே கிடையாது.

இடம் கிடைக்காத நீராவி, இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய்ப் படியும். காற்று குளிரக் குளிர அது தாங்கும் ஈரமும் குறையும். 10 டிகிரியில் 9 கிராம், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் கீழே. உள்ளே 18 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வியர்க்கும். வியர்க்கத் தொடங்கும் இந்த வெப்பநிலையைத்தான் பனிநிலை என்கிறோம். வெளியே 5 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 8 டிகிரி அளவில் இருக்கும், அதனால் அது வியர்த்துவிடும். நடுவில் காற்றடைத்த இரட்டைக் கண்ணாடியின் உட்பக்கம் 13 டிகிரி, அது காய்ந்தே இருக்கும். திருகாணியின் கதையும் இதுதான். சுவருக்குள் இருக்கும் நுரைப்பலகையைவிட எஃகு ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளித்தகட்டின் குளிர் அந்தத் திருகாணி வழியாக நேராக உள்ளே வந்து நிற்கிறது. தெளிந்த இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கே வீசிவிடுவதால், அது சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். டிரெய்லரை மரத்தடியில் நிறுத்தினால் கூரை அவ்வளவு குளிராது. காய்ந்த கிளை எதுவும் மேலே இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஈரத்தை வெளியே அனுப்ப ஜன்னலைத் திறந்தால் இருக்கிற சூடும் போய்விடாதா? எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். கணக்கோ வேறு மாதிரி சொல்கிறது. இந்த டிரெய்லரின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 37 சதுர மீட்டருக்கு மேல் வரும். 2.5 சென்டிமீட்டர் நுரைப்பலகை வைத்திருந்தாலும், வெளியே 5 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்னும்போது அவற்றின் வழியாக சுமார் 550 வாட் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். கூரைத் திறப்பையும் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்து, மணிக்கு 10 கன மீட்டர் காற்று மாறும்படி செய்தால் கூடுதலாகப் போவது 45 வாட்தான். அந்த 10 கன மீட்டர் காற்று, உள்ளே வரும்போது இருந்ததைவிட அதிக நீராவியைச் சுமந்துகொண்டு வெளியேறும். இரண்டு பேரின் மூச்சு ஈரத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

வெளியே மூடுபனியாக இருந்தாலும் இது நடக்கும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 5 டிகிரியில் நூறு சதவீதம் ஈரமான காற்றிலும் கன மீட்டருக்கு 7 கிராம் நீராவிதான் இருக்கும். உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 44 சதவீதமாக இறங்கிவிடும். கைக்குச் சில்லென்று ஈரமாகப் படும் அதே காற்று, உள்ளே நுழைந்ததும் உலர்ந்த காற்றாகிவிடுகிறது.

அந்த 550 வாட்டை எங்கிருந்து எடுப்பது? தூங்கும் இரண்டு உடல்கள் தருவது 150 வாட் அளவு. அதை மட்டும் நம்பினால் வெளியைவிட 3, 4 டிகிரிதான் கூடும். மீதிக்குப் பலர் கேஸ் ஹீட்டர் வைக்கிறார்கள். இங்கே கவனம் வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் ஓர் இரவுக்கு 350 கிராம் எரித்தால், அரை லிட்டருக்கும் அதிகமான நீராவி உள்ளேயே சேரும். இன்னும் இரண்டு பேரைக் கூடப் படுக்க வைத்ததற்குச் சமம். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் தனிக்குழாயில் வெளியே விடும் ஹீட்டர்தான் வேண்டும். கூடவே வேலை செய்கிற ஓர் எச்சரிக்கை அலாரமும் வேண்டும். இதில் சமரசமே கூடாது. அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம்.

கேஸ் விஷயத்தில் இன்னொன்று. பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிருக்கு எது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

டிரெய்லர் முழுக்கச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எளிது. 90 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டரை ரப்பர் பையில் ஊற்றி, உறை போட்டுக் காலடியில் வைத்தால், அது ஆறும் வரை 70 வாட்-மணி வெப்பத்தைப் போர்வைக்குள்ளேயே விடும். ஹீட்டர் அதே அளவை எட்டு நிமிடத்துக்குள் சுவர்களுக்குக் கொடுத்துவிடும். உடலுக்கு அடியிலும் காப்பு வேண்டும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், அடியில் அமுங்கிய பஞ்சில் காற்று நிற்காது. குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். மெத்தைக்குக் கீழே பலகைச் சட்டம் போட்டுச் சிறிது இடைவெளி விட்டால், அங்கே ஈரமும் தேங்காது.

அப்புறம், காலையில் எழுந்ததும் கதவையும் எதிர் ஜன்னலையும் ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து வையுங்கள். டிரெய்லருக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் 17 கிலோதான், அது போனால் பெரிய நஷ்டமில்லை. வெப்பம் பெரும்பாலும் பலகையிலும் மெத்தையிலும் பாத்திரத்திலும் தங்கியிருக்கிறது. கதவைச் சாத்தியதும் புதுக்காற்றை அவையே சூடாக்கத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு துணியை எடுத்து, ஜன்னல் கண்ணாடியையும் கூரைத் திருகாணிகளையும் துடைத்து, பிழிந்து வெளியே ஊற்றிவிடலாம்.