மைனாரிட்டி பார்ட்டி: சொல்லும் பொருளும்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்களை அடிக்கடி தடுமாற வைக்கும் தொடர் இது. 'கலிஃபோர்னியாவின் மைனாரிட்டி பார்ட்டி' என்று மூலத்தில் இருந்தால், கை தானாகவே 'சிறுபான்மைக் கட்சி' என்று எழுதிவிடுகிறது. நம் ஊரில் சிறுபான்மை என்றதும் மதமும் மொழியும்தான் நினைவுக்கு வரும். அதனால் படிக்கிறவர், அங்கே இஸ்லாமியருக்கோ லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கோ தனிக்கட்சி இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார். ஆனால் அங்கே அந்தத் தொடர் குறிப்பது, பெரும்பாலும் வெள்ளையர் ஆதரவில் நிற்கும், நிக்சனையும் ரீகனையும் அந்த மாநிலத்திலிருந்தே நாட்டுக்குத் தந்த குடியரசுக் கட்சியை.

வேர் லத்தீன். 'மினோர்' என்றால் சிறியது. ஆங்கிலத்தில் 'மைனாரிட்டி' முதலில் வயதுக்கு வராத நிலையையும் குறித்தது. அதே வேரிலிருந்து வந்த 'மைனர்' நம் சொத்துப் பத்திரங்களில் இன்றும் இருக்கிறது. ஓட்டெடுப்பில் எண்ணிக்கை குறைந்த தரப்பு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. இனத்தாலோ மதத்தாலோ வேறுபட்ட சிறிய மக்கள் கூட்டம் என்ற பொருள், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒப்பந்தங்களோடு நிலைபெற்றது. பிந்தி வந்த அந்தப் பொருள்தான் இன்று நம் காதில் முதலில் ஒலிக்கிறது.

தமிழில் 'சிறுபான்மை' பழைய சொல். இலக்கண உரையாசிரியர்கள் ஒரு வழக்கு அரிதாகவே வரும் என்பதைச் 'சிறுபான்மை வரும்' என்று எழுதினார்கள். அதாவது அது எண்ணிக்கையைச் சொன்ன சொல், மக்களைச் சொன்னதல்ல. அரசியலிலும் அந்த எண்ணிக்கைப் பொருள் நமக்கு அந்நியமில்லை. 2006 தேர்தலில் 234 இடங்களில் 96 மட்டும் பெற்று, காங்கிரஸ் முதலிய கட்சிகளின் ஆதரவோடு தி.மு.க. ஆட்சி அமைத்தபோது, ஜெயலலிதா அதை ஐந்தாண்டும் 'மைனாரிட்டி தி.மு.க. அரசு' என்றே அழைத்தார். அதை யாரும் சிறுபான்மையினர் அரசு என்று தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. 'அரசு' என்ற சொல் பக்கத்தில் இருந்தால் பொருள் தெளிவாகிறது. 'கட்சி' வந்தால் குழம்புகிறது.

அமெரிக்க வழக்கில் இந்தத் தொடருக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சட்டமன்றம்: அவையில் குறைந்த இடம் பெற்ற கட்சி. இதை 'எதிர்க்கட்சி' என்று மொழிபெயர்ப்பது வசதிதான், ஆனால் பிழை. 2019, 2020 ஆண்டுகளில் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சி மைனாரிட்டி. அதே நேரம் வெள்ளை மாளிகையில் இருந்தவர் அந்தக் கட்சியின் டிரம்ப். ஆளுகிறவரின் கட்சியை எதிர்க்கட்சி என்று எப்படி எழுதுவது? இரண்டாவது இடம் மாநில வாக்காளர்கள்: ஒரு மாநிலத்தில் நிரந்தரமாகப் பின்தங்கி நிற்கும் பெரிய கட்சி. 'மைனர் பார்ட்டி' வேறு; அது பசுமைக் கட்சி, லிபர்டேரியன் கட்சி போன்ற சிறு கட்சிகளைக் குறிக்கும்.

இரண்டாவது பொருளைப் புரிந்துகொள்ள, கூடவே வரும் இன்னொரு சொல்லும் தெரிய வேண்டும்: 'ஸ்டேட்வைட்'. மாநிலந்தழுவிய தேர்தல் என்கிறோம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு தேர்தலே கிடையாது. முதலமைச்சரும் ஏதோ ஒரு தொகுதியில் வென்று வருகிறவர்தான். ஆளுநர் டெல்லியிலிருந்து நியமிக்கப்படுகிறவர். அமெரிக்காவில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மாநிலம் மொத்தமும் ஒரே தொகுதியாக. கலிஃபோர்னியாவில் துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், கணக்குகளைப் பார்க்கும் கன்ட்ரோலர், பொருளாளர், காப்பீட்டு ஆணையர் வரை இப்படித்தான் வருகிறார்கள். செனட்டர்களும் அப்படியே.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு கட்சிக்கு வட மாவட்டங்களில் மட்டும் செல்வாக்கு இருந்தால்கூட நம்மூரில் அது சில எம்.எல்.ஏ.க்களைப் பெறும். மாநிலமே ஒரு தொகுதி என்றால் அந்த வட்டாரச் செல்வாக்கு கரைந்துவிடும். 2020 அதிபர் தேர்தலில் டிரம்புக்குக் கலிஃபோர்னியாவில் 60 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. டெக்சாஸ் உட்பட வேறு எந்த மாநிலமும் அவருக்கு அத்தனை வாக்கு தரவில்லை. அந்த 60 லட்சமும் அங்கே தோற்ற வாக்குகள். இவ்வளவு பெரிய கூட்டத்தைச் 'சிறு' என்று தொடங்கும் சொல்லால் குறிக்கும்போது உண்மையின் பாதி மறைந்துபோகிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1952 முதல் 1988 வரை அதிபர் தேர்தல்களில் கலிஃபோர்னியா ஒரே ஒரு முறை, 1964இல், மட்டும்தான் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தது. அப்புறம் எப்படிக் கவிழ்ந்தது? பனிப்போர் முடிந்ததும் தெற்குக் கலிஃபோர்னியாவின் விமான, ராணுவத் தொழிற்சாலைகள் சுருங்கின. அவற்றை நம்பியிருந்த நடுத்தர வர்க்கத்தினர் பலர் மாநிலத்தை விட்டே போனார்கள். 1994இல், ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்குப் பள்ளி, மருத்துவம் போன்ற பொதுச் சேவைகளை மறுக்கும் 187ஆம் முன்மொழிவு மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வந்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் பீட் வில்சன் அதை முன்னிறுத்தியே மறுபடி வென்றார். முன்மொழிவும் நிறைவேறியது, நீதிமன்றம் முடக்கியது. ஆனால் லத்தீன் வம்சாவளிக் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். அன்றைய வெற்றியின் விலையைக் கட்சி இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஒரு முன்மொழிவுக்கு அத்தனை பங்கு இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

இன்று பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடியரசுக் கட்சி; பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஜனநாயகக் கட்சி. அப்படியென்றால் சொந்தக் கட்சிக்காரர் அத்தனை பேரும் வந்து குத்தினாலும் போதாது. கட்சி சாராதவர்களில் பெரும்பகுதியும், ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு கணிசமான கூட்டமும் வர வேண்டும். அவர்களைக் கவரும் பேச்சு சொந்தக் கட்சிக்காரருக்குப் பிடிக்காது. சொந்தக் கட்சிக்காரருக்குப் பிடித்த பேச்சு அவர்களை விரட்டிவிடும். 2003இல் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் இந்தப் பொறியில் சிக்காமல் தப்பியதற்கு ஒரு காரணம், அது ஆளுநரைத் திரும்ப அழைக்கும் சிறப்புத் தேர்தல். வேட்பாளரைக் கட்சிக்காரர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் அதில் கிடையாது. நடுநிலைப் பேச்சோடு நேராக மக்களிடம் போனார், வென்றார்.

2006இல் அவர் மறுபடி வென்றபோது, கூடவே ஸ்டீவ் பாய்ஸ்னர் காப்பீட்டு ஆணையரானார். அதற்குப் பிறகு 2024 வரை நடந்த எந்த மாநிலந்தழுவிய தேர்தலிலும் குடியரசுக் கட்சி வேட்பாளர் வெல்லவில்லை. இதே பாய்ஸ்னர் 2018இல் அதே பதவிக்கு மீண்டும் நின்றார், இம்முறை கட்சிப் பெயரே இல்லாமல். சுமார் 47 விழுக்காடு பெற்று நெருங்கித் தோற்றார். அதே தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் ஜான் காக்ஸுக்குச் சுமார் 38 விழுக்காடுதான். இரண்டும் வேறு வேறு பதவிகள், எதிராளிகளும் வேறு. ஆனாலும் கட்சிப் பெயரே எவ்வளவு பெரிய சுமை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணிக்கை எனக்குத் தெரியவில்லை.

முதற்கட்டத் தேர்தலும் 2012 முதல் மாறிவிட்டது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில். முதல் இருவர் மட்டும் நவம்பருக்குப் போவார்கள். 2016, 2018 செனட் தேர்தல்களில் அந்த இருவருமே ஜனநாயகக் கட்சியினர். மைனாரிட்டி கட்சியின் பெயர் இறுதிச் சீட்டிலேயே இல்லை. 2024இல் நேர்மாறு: ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஷிஃப், குடியரசுக் கட்சி சார்பில் நின்ற முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வியைத் தன் விளம்பரங்களிலேயே முன்னிறுத்தினார். சொந்தக் கட்சியின் கேட்டி போர்ட்டரைவிடக் கார்வியை வெல்வது சுலபம் என்ற கணக்கு பலித்தது.

ஆனால் விழுந்த கட்சி விழுந்தே கிடக்க வேண்டும் என்பதில்லை. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மேரிலாந்தில் குடியரசுக் கட்சியின் லாரி ஹோகன் 2014, 2018 இரண்டிலும் ஆளுநராக வென்றார். குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி 2018, 2022 இரண்டிலும் வென்றார். ஆளுநர் பதவியில் ஆளைப் பார்த்து வாக்களிக்கும் வழக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதே ஹோகன் 2024இல் செனட்டுக்கு நின்றபோது தோற்றார். செனட் என்றதும் வாக்காளர் வாஷிங்டனில் எந்தக் கட்சி ஆள வேண்டும் என்றுதான் பார்க்கிறார்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? 'சட்டமன்றத்தில் கட்சிகளின் பலம்' என்று நம் நாளிதழ்கள் எழுதிப் பழகியிருப்பதால், நான் 'குறைபலக் கட்சி' என்பதைப் பரிந்துரைப்பேன். இடமானாலும் வாக்கானாலும் பொருந்தும். மதம், மொழி நினைவுக்கு வராது. எதிர்ச்சொல் 'மிகைபலக் கட்சி'. அவையை மட்டும் குறிக்கும்போது 'குறைந்த இடம் பெற்ற கட்சி' என்று விரித்து எழுதுவதே நல்லது. 'சிறுபான்மை அரசு' நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. 'மைனர் பார்ட்டி' வரும் இடத்தில் 'சிறு கட்சி'. டெக்சாஸைப் பற்றி எழுதும்போதும் இதே சொல் உதவும்: '1994க்குப் பிறகு மாநிலந்தழுவிய பதவி எதையும் வெல்லாத ஜனநாயகக் கட்சி அங்கே குறைபலக் கட்சி.'